ஒன்றரை மணி நேரத் தொலைவில் நின்ற விமானம்

1

இன்றோடு அக்கா போய் ஒரு வருஷம். ஈப்போ புந்தோங்கில் அவள் வீட்டில் இந்நேரம் படையல் முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நான் போகவில்லை. காலையில் வேலைக்குப் போய் ஒரு மண்வாரி இயந்திரத்தின் எண்ணெய்க் குழாயை மாற்றிவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது கிறிஸ்துமஸ் தீவில். பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேர் நான் விளையாடுகிறேன் என்று நினைப்பார்கள். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான தீவு, ஆனால் கிடப்பது ஜாவாவுக்குத் தெற்கே, நடுக்கடலில். இங்கே பாஸ்பேட் தோண்டுகிறார்கள். சுங்காய்ப் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் மெக்கானிக்காக இருந்தவன், பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சுரங்கத்து இயந்திரங்களைப் பழுதுபார்க்க வந்தேன். மலாய்க்காரர்களும் சீனர்களும் நிறைய இருப்பதால் காப்பிக்கும் சாப்பாட்டுக்கும் குறையில்லை. தமிழ் பேசுகிற வீடு, எனக்குத் தெரிந்து எங்களுடையது ஒன்றுதான்.

கிளம்பும்போது அக்கா ஒரே அழுகை. அவளைத் தேற்றுவதற்காக நான் ஒரு காரியம் செய்தேன். எந்த இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தாலும் இடையில் எத்தனை கிலோமீட்டர், பறக்க எவ்வளவு நேரம் என்று சொல்லும் இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. அதில் கிறிஸ்துமஸ் தீவு என்றும் ஈப்போ என்றும் போட்டேன். ஆயிரத்து எழுநூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நாற்பது நிமிடம் என்று வந்தது.

"பாருக்கா, ரெண்டு மணி நாப்பது நிமிஷம்தான். நீ பஸ் ஏறி பினாங்கு போய்ச் சேர்றதுக்குள்ள நான் இங்க வந்துருவேன் லா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள். "அப்ப எனக்கு ஒண்ணுன்னா ஓடி வந்துருவே?"

"ஓடி எதுக்குக்கா வரணும்? பறந்து வரேன்."

அந்த இணையப் பக்கம் பொய் சொல்லவில்லை. கடல் மேல் ஒரு கோடு போட்டு அளந்து சொன்னது, அவ்வளவுதான். அந்தக் கோட்டில் விமானம் ஓடுகிறதா என்பதை அது சொல்வதில்லை. ஓடவில்லை. இங்கிருந்து வெளியே போக எங்களுக்கு இருப்பது பெர்த் விமானம், வாரத்துக்கு இரண்டு முறை. வடக்கே இருக்கும் வீட்டுக்குப் போக முதலில் நான்கு மணி நேரம் தெற்கே பறக்க வேண்டும். பிறகு ஐந்தரை மணி நேரம் வடக்கே கோலாலம்பூருக்கு. பிறகு ஈப்போவுக்கு பஸ். இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். அவள் அழுகையை நிறுத்தினால் போதும் என்று இருந்துவிட்டேன். பின்னால் லீவில் ஊருக்குப் போனபோதும் இந்தச் சுற்று வழியை நான் சொன்னதில்லை.

2

எனக்கு ஒன்று என்றால் வருவாயா என்று அவள் ஏன் கேட்டாள் என்பது நம் ஆட்களுக்குத் தெரியும். தெரியாதவர்களும் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். கட்டிக்கொடுத்த பெண் இறந்துபோனால் அவள் உடல் மேல் போர்த்தப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுப்புடவை வர வேண்டும். தாய்வீட்டுக் கோடி என்போம். உடன்பிறந்தவன் கையால் வர வேண்டும். கோடி விழாமல் பெட்டியை மூட மாட்டார்கள்.

அம்மா இறந்தபோது எனக்குப் பதினான்கு வயது. சுங்காய் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். கோடி கொண்டுவர வேண்டிய தாய்மாமன் ஆயர் தாவாரில் இருந்தார். மூன்று பஸ் மாற வேண்டும். நடுவில் ஒரு பஸ் படுத்துவிட்டது. காலையில் எடுக்க வேண்டிய அம்மாவைச் சாயங்காலம் வரை வைத்திருந்தோம். தோட்டத்துக் கணக்கரான கிராணியார் இரண்டு தடவை வந்து கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார். கடைசியில் மாமா ஏதோ ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு, செய்தித்தாளில் சுற்றிய புடவையோடு ஓடிவந்தார். அவரைத் திட்டுவார்கள் என்று நான் பயந்தேன். ஒருவரும் திட்டவில்லை. "வந்துட்டான்ல, விடு" என்றார்கள்.

அந்தத் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள். லயத்தை இடித்தார்கள். அப்பாவும் போய்விட்டார். அக்காவுக்குப் பிறந்த வீடு என்று கைகாட்ட ஒரு செங்கல் கிடையாது. மிச்சம் இருந்தது நான்தான்.

3

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை காலை கோமதி கூப்பிட்டாள். அக்காவின் ஒரே மகள், புந்தோங்கிலேயே ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள்.

"மாமா, அம்மா போயிட்டாங்க மாமா."

விடியற்காலையில் நெஞ்சு வலி. காரில் ஏற்றினார்களாம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வந்துருவீங்கல்ல மாமா?"

"நாளைக்கே வரேன்மா. வெள்ளிக்கிழமை மத்தியானம் பிளேன் இருக்கு."

அதற்கு மேல் விளக்க எனக்கு மனம் இல்லை. அந்தப் பிள்ளைக்கும் கேட்க மனம் இல்லை.

வேலையிடத்தில் விடுப்புப் படிவம் கொடுத்தார்கள். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு, நீங்கள் நேரில் போக வேண்டிய அவசியம் என்ன என்று கேள்விகள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அக்காவுக்குப் புடவை கொண்டுபோக வேண்டும் என்று எழுதினேன். அலுவலகத்து அம்மாள் நல்லவர். இரண்டு தடவை படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மணி, அங்கேயே யாரையாவது ஒரு புடவை வாங்கச் சொல்ல முடியாதா?"

என்னிடம் இருக்கும் இங்கிலீஷ் பம்புக்கும் வால்வுக்கும்தான் போதும். "எங்கள் வழக்கம்" என்று மட்டும் சொன்னேன். துக்கத்துக்கு இரண்டு நாள் விடுப்பு, அதற்கு மேல் போனால் சொந்த விடுப்பில் கழியும், இறப்புப் பத்திரம் மலாயில் இருந்தால் மொழிபெயர்த்துக் கொண்டுவர வேண்டும் என்றார். போய்ச் சேரவே ஒரு நாள் ஆகும் ஊருக்கு இரண்டு நாள் துக்கம். அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் என் மனைவி செல்வி பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கையில் ஒரு சிவப்புப் பட்டு, போன தீபாவளிக்கு ஈப்போவில் எடுத்தது.

"மடிப்புக்கூட கலைக்கலைங்க. அண்ணி சுமங்கலியாப் போயிருக்காங்க. இதுவே போகட்டும்."

நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

4

வெள்ளிக்கிழமை காலை மச்சான் கூப்பிட்டார். அக்காவின் வீட்டுக்காரர் ஆறுமுகம், முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரல் கரகரத்துப் போயிருந்தது.

"மாப்ள, நாலரைக்கு எடுக்கிறோம். மின்சுடலையில சொல்லியாச்சு. நீ மூணரைக்கெல்லாம் வந்துருவேல்ல?"

"மூணரைக்கா? யாரு மச்சான் சொன்னது?"

"கோமதிதான் போன்ல பாத்துச்சு. ரெண்டு மணி நாப்பது நிமிஷம்னு போட்டிருக்காம். ஒங்க அக்காளும் அப்படித்தான்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருப்பா. தம்பி தூரத்துல இல்ல, கூப்பிடு தூரம்தான்னு."

பத்து வருஷமாக என் அக்கா அந்த இரண்டு மணி நாற்பது நிமிஷத்தை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள். நேரே வர வழியில்லை, பெர்த் சுற்றித்தான் வர வேண்டும், எவ்வளவு ஓடினாலும் நாளைக்குக் காலையில்தான் என்று இப்போது சொன்னேன்.

"நாளைக்குச் சனிக்கிழமை மாப்ள" என்றார் மச்சான்.

பின்னால் யாரோ பெரியவர் பேசுவது கேட்டது. "சனிப் பொணம் தனியாப் போகாதுப்பா. பக்கத்துல இருக்கிறவன் வர மனசில்லாம சாக்கு சொல்றான்." இன்னொரு குரல் அதற்கு ஆமாம் போட்டது. அவர்களை என்ன சொல்ல? கையில் போனை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், போன் அப்படித்தான் காட்டுகிறது.

மச்சான் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது. "கேளு மாப்ள. கோடி இல்லாம அவள எடுக்க எனக்கு மனசு வராது. ஆனா நான் பஸ் ஓட்டுனவன். ஏறாத ஆளுக்காக வண்டிய நிறுத்தி வைக்க முடியாது. நீ பிளேன்ல ஏறி ஒக்காந்ததும் சொல்லு. சொன்னா நாளைக்கு மாத்திக்கிறேன், கோழிக்குஞ்சு கட்டி எடுத்துக்கலாம். நீ ஏறலேன்னா இன்னைக்கே எடுத்துர்றேன். இங்க நேரத்துக்கு ரெண்டு மணிக்குள்ள சொல்லணும்."

இதைவிட நியாயமாக ஒரு மனிதன் பேச முடியாது. அவர்கள் நேரம் இரண்டு மணி என்றால் தீவில் ஒரு மணி.

விமான நிலையம் தீவின் மேட்டுப் பகுதியில் இருக்கிறது. மழைக்காலத்தில் மேகம் அப்படியே ஓடுபாதை மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கும் உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு மேலே சத்தம் கேட்டது. காத்திருந்த எல்லோரும் எழுந்தோம். செல்வி என் கையைப் பிடித்தாள். சத்தம் நன்றாக, தலைக்கு நேரே கேட்டது. அப்போதுதான் போன் அடித்தது.

"மாப்ள, ஏறிட்டியா? சவ வண்டிக்காரன் நிக்கிறான், சொல்லணும்."

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. இடுப்பில் துண்டோடு குளியலறை வாசலில் நின்றுகொண்டு, "தோ வந்துக்கிட்டே இருக்கேன், டோல் தாண்டிட்டேன்" என்போம். கேட்கிறவனும் அதில் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்வான். யாருக்கும் நஷ்டமில்லை. எத்தனை கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். விமானம் தலைக்கு மேல் நிற்கிறது, இறங்கினால் அரை மணி நேரத்தில் ஏறிவிடப் போகிறேன்.

"ஏறிட்டேன் மச்சான்" என்றேன்.

"சரிப்பா. பத்திரமா வா."

விமானம் மூன்று முறை சுற்றியது. பிறகு சத்தம் தேய்ந்து மேற்கே போனது. தீயணைப்பு வண்டியில் வேலை செய்கிற மலாய்க்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, அண்ணன் என்று முறை வைத்து மலாயில் சொன்னார், "இறங்க முடியல, அபாங். கோகோசுக்குப் போகுது."

கோகோஸ் எங்கள் பக்கத்துத் தீவு. பக்கத்து என்றால் எங்கள் விமானம் போகிற வேறு தீவே கிடையாது என்பதால் பக்கத்து. நான் அந்தப் பாழாய்ப்போன இணையப் பக்கத்தைத் திறந்தேன். தொள்ளாயிரத்து எண்பது கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம். உடனே ஒரு கணக்குப் போட்டேன். ஒன்றரை மணி நேரம் போக, எண்ணெய் ஊற்ற அரை மணி, ஒன்றரை மணி நேரம் வர. ஐந்துக்குள் இங்கே இருக்கும். பெர்த்தில் ராத்திரி விமானத்தைப் பிடித்துவிடலாம்.

செல்வி சொன்னாள், "இப்பவே உங்க மச்சானுக்குச் சொல்லிருங்க. அவங்க இன்னைக்கே எடுத்துரட்டும்."

"வந்துரும் செல்வி. ஒண்ணரை மணி நேரம்தான்."

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் சொல்லியிருந்தால் அக்கா அன்றைக்கே போயிருப்பாள், வெள்ளிக்கிழமை போகிற சுமங்கலியாக. வண்டிக்காரன்கூடத் தெருவைத் தாண்டியிருக்க மாட்டான். நான் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் புடவைப் பையோடு, மேற்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேகம் கொஞ்சம் விலகும், எழுந்து நிற்பேன், மறுபடி மூடும்.

நாலு மணிக்கு அறிவித்தார்கள். விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிட்டது, விமானம் இன்றிரவு கோகோசில் தங்கும், வானம் விட்டால் நாளை வரும். ஈப்போவில் அப்போது மணி ஐந்து. மின்சுடலையில் சொல்லிவைத்திருந்த நேரம் தாண்டிவிட்டது.

மச்சானைக் கூப்பிட்டேன். "மச்சான், நான் இன்னும் தீவுலதான் இருக்கேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர், "ஏறிட்டேன்னு சொன்னியே மாப்ள" என்றார். அதற்குப் பிறகு போனை வைத்துவிட்டார்.

5

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அக்காவை எடுத்தார்கள். அப்போதும் எங்கள் மேட்டில் மேகம். உறவுக்காரப் பையன் ஒருவன் போனைப் பிடித்துக் காட்ட, நானும் செல்வியும் சமையலறை மேசையில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். படம் நின்று நின்று வந்தது. அக்காவின் முகம் ஒரு தரம் தெரிந்தது. நெற்றி நிறையப் பொட்டு வைத்திருந்தார்கள். பெட்டியின் கால்மாட்டில் கோழிக்குஞ்சைக் கட்டியிருந்தார்கள், அது கத்திக்கொண்டே இருந்தது.

"தாய்வீட்டுக் கோடி யாரு?" என்று சடங்கு செய்கிறவர் கேட்டார்.

கோமதி கையில் ஒரு புதுப்புடவை இருந்தது, காலையில் லிட்டில் இந்தியாவில் கடை திறந்ததும் ஓடி வாங்கி வந்திருக்கிறாள். ஆனால் மகள் போட்டால் அது தாய்வீட்டுக் கோடி ஆகாது. அவர் மறுபடியும் கேட்டார். அந்த இரண்டாவது கேள்வியை நான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்போது கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்தார். மாரியாயி அக்கா, எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவர், என் அம்மாவோடு ரப்பர் பால் வெட்டியவர். பிள்ளைகளோடு புந்தோங்குக்கு வந்துவிட்டவர்.

"குடு இங்க. நானும் சுங்காய்த் தோட்டம்தான். ஒரே பைப்புத் தண்ணி குடிச்சவங்க நாங்க. தோட்டத்து ஆளு தாய்வீட்டு ஆளுதான்."

புடவையை வாங்கிப் பிரித்து அக்காவின் மேல் போர்த்தினார். கன்னத்தைத் தடவினார். "போயிட்டு வா சரசு" என்றார். அத்தோடு படம் நின்றுவிட்டது. நின்ற படத்தில் பாதிப் புடவையும் மாரியாயி அக்காவின் வளையலும் தெரிந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்விதான் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இரண்டு மணிக்கு வானம் வெளுத்தது. விமானம் வந்து அழகாக இறங்கியது.

6

பெர்த்தில் என் மகள் தர்ஷினி காத்திருந்தாள். அங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறாள், பதினேழு வயது. ஒரு ரொட்டியும் காப்பியும் வாங்கி வைத்திருந்தாள்.

"அத்தைக்குத்தான் எல்லாம் முடிஞ்சிருச்சுல்ல அப்பா. ஏன் நீங்க இப்பப் போறீங்க?"

அவள் குற்றமில்லை. அத்தையை நேரில் பார்த்தது இரண்டு முறை. மற்றதெல்லாம் திரையில். பையில் என்ன என்று கேட்டாள். காட்டினேன். கோடி என்றால் என்னவென்று விளக்கினேன், பாதி தமிழில், பாதி இங்கிலீஷில். கவனமாகத்தான் கேட்டாள்.

"அப்ப எனக்கு பிரதர் இல்லையே. எனக்கு யாரு கொண்டு வருவாங்க?"

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டாள், கேட்டுவிட்டுக் காப்பியைக் குடித்தாள். நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே போகச் சொல்லி அறிவிப்பு வந்ததும் கட்டிக்கொண்டாள். "டேக் கேர் அப்பா" என்றாள்.

7

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புந்தோங் வந்து சேர்ந்தேன். வாடகைக் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே சாம்பலைக் கரைத்துவிட்டு வந்திருந்தார்கள். தெருவில் இரண்டு மூன்று பேர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

மச்சான் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, பதினாறாம் நாள் கருமாதிக்கு யார் யாரைச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் பத்து வயது கூடியிருந்தார். நான் அவர் முன்னால் உட்கார்ந்தேன். காலைப் பிடிக்கப் போன என் கையைத் தடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"விடு மாப்ள. மேகத்துக்கு நீ என்ன பண்ணுவே?"

"மேகம் இல்ல மச்சான். நான் சொன்ன பொய்."

கோமதி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரோரம் நின்றாள். அக்காவின் படத்துக்கு முன் விளக்கு எரிந்தது. மச்சான் தாளை எடுத்தார்.

"தாய்வீட்டுச் சார்புல மொதல்ல ஒன் பேரைத்தான் எழுதியிருக்கேன். கருமாதிக்கு இருப்பியா மாப்ள?"

செவ்வாய்க்கிழமை பெர்த்திலிருந்து தீவுக்கு விமானம். அதை விட்டால் வெள்ளி, அதுவும் நிச்சயமில்லை. விடுப்பு முடிந்துவிட்டது, சொந்த விடுப்பில் நாலு நாள்தான் மிச்சம். இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"கேட்டுப் பாக்குறேன் மச்சான். எப்படியாச்சும் வரப் பாக்குறேன்."

"மாமா" என்றாள் கோமதி. கோபம் இல்லை அவள் குரலில், அதுதான் என்னைக் கொன்றது. "வர முடியலேன்னா வர மாட்டேன்னு சொல்லிருங்க மாமா. நாங்க தாங்கிக்குவோம். வரேன்னு மட்டும் சொல்லாதீங்க. அம்மாவப் பெட்டியில வச்சிக்கிட்டு ஒரு நாள் முழுக்க வாசலையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தோம். நாளைக்கு அப்பாவையும் அப்படி வைக்க என்னால முடியாது."

மச்சான் அவளை அதட்டவில்லை. பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இப்படித்தான் கடைசியாக ஒரு முறை திரும்பிப் பார்த்திருப்பார்.

"வர மாட்டேன் மச்சான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். தாளைத் தொடைமேல் வைத்து, தாய்வீட்டுச் சார்பில் முதலில் இருந்த என் பெயரை அடித்தார். அதற்குக் கீழே மாரியாயி என்று எழுதினார்.